காவல் நிலைய மரணங்களில் இறந்தவரின் குற்றப் பின்னணியைப் பேசுவது சரியா?

சரியில்லை என்பதே என் பதில். ஆனால் அதை ஒரு நியாயவானாக நின்று சொல்லும் தகுதி எனக்கில்லை; ஒருமுறை புகார் கொடுத்தவனாகத்தான் சொல்கிறேன்.

கீழ்ப்பழனி மலையில் எங்களுக்குக் காப்பியும் மிளகும் விளைகிற சிறிய தோட்டம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், களத்தில் காயவைத்துக் கட்டிவைத்திருந்த மிளகில் மூன்று மூட்டை ஒரே இரவில் காணாமற்போயிற்று. பறிப்புக்கு வந்திருந்த கூலியாட்களில் ஓர் இளைஞர்மீது வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். காரணம் கேட்டிருந்தால், முந்தைய வாரம் அவர் முன்பணம் கேட்டார் என்பதைத் தவிர வேறெதையும் எங்களால் சொல்லியிருக்க முடியாது. காவல் நிலையத்தில் கொடுத்த மனுவில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்றுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்ட பிறகு, அங்கிருந்த ஏட்டையாவிடம் அந்த இளைஞரின் பெயரை வாயால் சொல்லி, "கொஞ்சம் நல்லா விசாரிங்கய்யா, சொல்லிடுவான்" என்றேன். அந்த 'நல்லா'வுக்கு என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு இரவு வைத்திருந்து மூன்றாம் நாள் மாலை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. மிளகும் கிடைக்கவில்லை, யார் எடுத்தது என்பது இன்றுவரை தெரியாது. அந்த இளைஞர் அதன்பின் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்க்கும் ஏணி எங்கள் பக்கத்தில் ஒற்றை மூங்கில்தான். கணுவில் விட்டிருக்கும் கொம்பில் உள்ளங்காலை ஊன்றித்தான் ஏற வேண்டும். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஏணி ஏறவில்லை. அவருடைய மனைவி மேலே ஏறிப் பறிக்க, அவர் கீழே உட்கார்ந்து உதிர்ந்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரமப்பட்டு எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலின் இளம் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வணக்கம்தான். அங்கும் தொடக்கம் ஒரு புகார்: காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்பது. விசாரணைக்கென்று தனிப்படைக் காவலர்கள் அழைத்துச் சென்றவரின் உடலில் 44 காயங்கள் இருந்ததாக உடற்கூறாய்வு சொன்னது. வழக்கு சிபிஐக்குப் போனது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைதானது ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித்தான். கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் சில நாள்களில் அடுத்தடுத்து இறந்தார்கள்.

இந்த இரண்டு மரணங்களுக்கும் தமிழ்நாடு முழுவதும் கொதித்தது நியாயமே. ஆயினும் அந்தக் கொதிப்பில் ஒரு பகுதி, இறந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள், வழக்கு வாய்தா என்று அலையாதவர்கள் என்பதால் வந்தது என்றே நினைக்கிறேன். 2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் குடியிருப்புக் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் இறந்தபோது, அவரிடம் கஞ்சா இருந்தது என்ற ஒரு தகவலே பலருக்குப் போதுமானதாக இருந்தது. உடல்நலக் குறைவால் இறந்ததாக முதலில் சொல்லப்பட்ட அந்த வழக்கு, உடற்கூறாய்வில் காயங்கள் தெரிந்த பிறகு கொலை வழக்காக மாறியது. 2025 ஜூலை இறுதியில் எங்கள் மலைக்கு மேற்கே, உடுமலைப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் பழங்குடியினர் ஒருவர் இறந்து கிடந்தபோதும், சிறுத்தைப் பல் வைத்திருந்தாராமே என்பதுதான் எங்கள் ஊர் டீக்கடையில் முதலில் காதில் விழுந்த பேச்சு.

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, அவர் எத்தனை வழக்குகளில் சிக்கியவர் என்று பார்த்து நேரத்தைக் கூட்டுவதில்லை. (மலையில் அந்தப் பயண நேரம் எவ்வளவு நீளும் என்பதை எங்களைக் கேளுங்கள்.) டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்த நெறிமுறைகளும், நேரம் குறித்த கைதுக் குறிப்பு, அதில் உறவினர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று எல்லாக் கைதிகளுக்கும் பொதுவாகத்தான் இருக்கின்றன. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்ற விதி, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் இருக்கிறது.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 'கைது' என்று எழுதினால்தான் இந்தக் காகிதங்களெல்லாம் தொடங்கும். 'விசாரணைக்கு அழைத்து வந்தோம்' என்று சொல்லிவிட்டால், அந்த மனிதர் அங்கே இருந்ததற்கே தாளில் தடயம் இல்லாமற்போகிறது. என் புகாரில் நடந்ததும் அதுதான். அதோடு, போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். திருட்டு வழக்கில் 'பொருள் எங்கே' என்ற கேள்வி இவ்வளவு மூர்க்கமாகக் கேட்கப்படுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பொருள் கிடைத்ததா என்று நாள்தோறும் போன் செய்து கேட்கும் என்னைப் போன்ற புகார்தாரர்.

கேமரா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது உண்மை. அதே ஆண்டில் சாத்தான்குளம் நிலையத்தில் விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், அங்கிருந்த கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத்தான் கண்டார். அந்த நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது.

போலீஸ் பிடித்தவர்கள் 'குளியலறையில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு நிற்கும் படங்களுக்குச் சிரிப்புப் பொம்மை போடுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் என்னுடைய 'நல்லா விசாரிங்க'வும் வந்தது.

சென்ற ஆண்டு எங்கள் கிணற்று மோட்டார் திருட்டுப்போனது. மனு எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொண்டேன். "யார் மேல சந்தேகம்?" என்று எஸ்.ஐ. கேட்டார். யார்மேலும் இல்லை என்றேன். "அப்படிச் சொன்னா நாங்க எங்கிருந்து சார் ஆரம்பிக்கிறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். மனதில் ஒரு பெயர் இருக்கவே செய்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். மோட்டார் கிடைக்கவில்லை.