திங்கக்கிழமை மெஷின்ல நீங்க உக்காராதீங்க

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருக்கேன்க்கா. ஓவர்லாக் டெய்லரா இருந்து மேல வந்தவன், அதனால யாரையும் அதட்டினதே இல்ல. ஆள் வரலைன்னா நானே மெஷின்ல உக்காந்துடுவேன், டேமேஜ் பீஸ நானே பிரிச்சு தெச்சுடுவேன், மேனேஜர் திட்டையும் நானே வாங்கிப்பேன். இப்போ என்னடான்னா ஆளாளுக்கு சொல்லாம கொள்ளாம லீவு. போன வாரம் ஒரு லாட்ல தோள்பட்டை தையல் விட்டுப்போய் பேக்கிங் வரைக்கும் போயிடுச்சு, தெச்ச அக்காவுக்குத் தெரிஞ்சும் வாயே திறக்கல. நானும் கறாரா மாறிடட்டுமா?

பதில்: கத்தறதுக்கு உங்க ஃப்ளோர்ல ஏற்கனவே ஆள் இருப்பாங்க தம்பி, நீங்க வேற எதுக்கு. ஆனா நீங்க உதவின்னு நினைச்சு செஞ்சதுல பாதிதான் உதவி. திட்டு வாங்கிக்கிட்டீங்களே, அது சரி. டேமேஜ சத்தமில்லாம பிரிச்சு தெச்சீங்க பாருங்க, அங்கதான் கோளாறு. எப்படியும் தம்பி பாத்துக்கும்னு அந்த அக்காவ பழக்கி விட்டதே நீங்கதானே, அப்புறம் அவங்க ஏன் வாய் திறக்கப் போறாங்க.

1979 ஆகஸ்ட் 10 அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்பின எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடல்ல விழுந்துச்சு. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே போய் உக்காந்தாரு, அடுத்த வருஷம் ஜூலை 18 அன்னிக்கு ரோகிணி செயற்கைக்கோள் சரியா மேல போனப்போ, அந்த ராக்கெட் திட்டத்த நடத்தின அப்துல் கலாமை பேச அனுப்பிட்டாரு. இத மேடைக்கு மேடை சொல்லுவாங்க, நீங்களும் கேட்டிருப்பீங்க. சொல்லாம விடற பாதி ஒண்ணு இருக்கு. ஒரு வால்வ் சரியா மூடாம ஆசிட் கசிஞ்சு போனதுதான் காரணம்னு உள்ளுக்குள்ள துருவித் துருவி விசாரிச்சு கண்டுபிடிச்சாங்க, கடைசி நேரத்துல அந்தக் கசிவ நான் சரியா எடை போடல, ராக்கெட்ட நிறுத்தி வெச்சிருக்கணும்னு அந்த விசாரணைக் கூட்டத்துல எழுந்து பொறுப்பு ஏத்துக்கிட்டத கலாமே எழுதியிருக்காரு. வெளிய பெரியவர் தாங்கினாரு, உள்ள யாரும் யாரையும் மூடி மறைக்கல. நீங்க முதல் பாதிய மட்டும் எடுத்துக்கிட்டீங்க.

தலைவன்னா முதல்ல கூட இருக்கறவங்களுக்கு உழைக்கறவன்னு சொல்ற இந்த சேவைத் தலைமைங்கற பேச்ச 1970ல ஆரம்பிச்சு வெச்ச ராபர்ட் கிரீன்லீஃப், அமெரிக்காவுல டெலிபோன் கம்பெனில பல வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். நீங்க யாருக்காக உழைக்கறீங்களோ அவங்க வளர்றாங்களா, தன் கால்ல நிக்கறாங்களான்னு பாருன்னாரு, அவ்ளோதான். உங்க லைன்ல யாரு வளர்ந்தா? நீங்க மட்டும் ஓவர்லாக்ல கை மறக்காம இருக்கீங்க!

சனிக்கிழமை சம்பளம் வாங்கினா திங்கக்கிழமை பாதி மெஷின் காலியா கிடக்கறது திருப்பூருக்கு புதுசு இல்ல. அதனால அந்த மெஷின்ல நீங்க உக்காராதீங்க, டெய்லருக்கு ஒத்தாசையா கைமடில இருக்கற பொண்ணுங்கள்ல தைக்க ஆசைப்படற ஒண்ண சாயந்திரம் அரைமணி நேரம் ஓட்டிப் பழக விடுங்க. நாலு மாசத்துல உங்களுக்கு ஒரு டெய்லர், அந்தப் பொண்ணுக்கு சம்பளமும் ஏறும். லீவுன்னா முந்தின நாளே சொல்லணும், டேமேஜ்னா முதல் பீஸ்லயே சொல்லணும், இது ரெண்டையும் அவங்ககிட்ட கேட்டு வாங்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, கூச்சப்படாதீங்க. சொன்னவங்கள மேனேஜர் முன்னாடி காட்டிக்கொடுக்காம இருக்கறது உங்க கடமை. ஒரு தடவ காட்டிக்கொடுத்தீங்க, அதோட ஜென்மத்துக்கும் எவரும் சொல்ல மாட்டாங்க.

ஆமா, அந்தத் தோள்பட்டை தையல் விட்ட மெஷின்ல ஊசி மாத்தியாச்சா, ஊசியோட சேர்ந்து நூல கோத்து விடற லூப்பரோட டைமிங் பாத்தாச்சா? லெட்டர்ல அதப்பத்தி ஒரு வரி கூட இல்லயே. நாளைக்கு காலைல மெக்கானிக்கை கூட்டிட்டுப் போங்க, அந்த அக்காவையும் பக்கத்துல நிக்க வெச்சு, எப்ப இருந்துக்கா விடுதுன்னு அவங்களயே சொல்லச் சொல்லுங்க.