அல்லிஹீஸில் ஐந்து நாள்: கார் இல்லாமல் முடியுமா?

கேள்வி: ஜூலையில் பாரிஸ் போகிறோம். அப்படியே அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள அல்லிஹீஸ் கிராமத்தில் ஐந்து நாள் தங்க ஆசை. ஷெங்கன் விசா போதுமா? கார் எடுக்காமல் சமாளிக்கலாமா? நாங்கள் சைவம், 8 வயது மகனும் வருகிறான்.

பதில்: ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா ஏற்பாடு; அயர்லாந்து அதில் சேராத நாடு. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தனி விசா வேண்டும். பாரிஸ் வழியாகத்தான் திரும்புகிறீர்கள் என்றால், ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

கார் கட்டாயம் எடுங்கள். கார்க் நகரிலிருந்து பஸ் காசில்டவுன்பேர் வரை வரும். அதற்கப்புறம் அல்லிஹீஸுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் மிகக் குறைவு. நம்மூர் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் சாலை பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான், நடுவில் புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால், ஒதுங்க இடம் யாருக்குப் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். அது வணக்கம், நீங்களும் உயர்த்துங்கள்.

சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். அரிசி, காய்கறி, தயிரைக் காசில்டவுன்பேரில் வாங்கிக்கொள்ளலாம். சாம்பார்ப் பொடி மட்டும் கையோடு இருக்கட்டும்.

மகனுக்கு இந்த ஊர் நிச்சயம் பிடிக்கும். 1812இல் இங்கே தாமிரச் சுரங்கம் தொடங்கியது. தாது எடுத்தபின் கொட்டிய கல்தூளைத் தண்ணீர் அடித்துவந்து சேர்த்ததுதான் பாலிடொனகன் கடற்கரையின் மணல். அதை அள்ளிப் பார்த்துவிட்டு ஊரிலுள்ள சுரங்க அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், கதை அவனுக்கே புரிந்துவிடும். மலையில் பழைய இயந்திரக் கட்டடம் நிற்கிறது. பக்கத்தில் ஆழமான சுரங்கக் குழிகள் உண்டு. வேலியைத் தாண்ட விடாதீர்கள். கடல் ஜூலையிலும் குளிரும், முழங்கால் ஆழம் போதும்.

பிரபலச் சுற்றுலா ஊரான கில்லார்னியையும் இதே பயணத்தில் திணிக்காதீர்கள். ஐந்து நாளும் இங்கேயே இருந்தால்தான் மழையில் ஒரு நாள் போனாலும் வருத்தம் இருக்காது. பக்கத்திலுள்ள டர்சி தீவுக்குப் போகும் கேபிள் கார் 1969இல் வந்தது. கடலுக்கு மேலே ஒரு பெட்டியில் ஆறு பேர். காற்று பலமாக வீசினால் ஓடாது. ஆகவே கடைசி நாளுக்குத் தள்ளாமல், வானம் தெளிந்த முதல் நாளே போய் வந்துவிடுங்கள். தீவில் கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.