மலிவுக் கிதாரும் பழைய குரலும்: கேள்வி பதில்

கேள்வி: வெண்ணெய் நிற உடல், கறுப்புப் பலகை என்று 1950களின் ஃபெண்டர் டெலிகாஸ்டர் மின்கிதாரைப் போலவே இருக்கும் மலிவுக் கிதார் ஒன்று வாங்கினேன். தோற்றத்தில் குறையில்லை. பிரிட்ஜ் பிக்கப் (தந்திகளைத் தாங்கும் பாலத்தின் அருகே, அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) மட்டும் தகரத்தைத் தட்டுவது போல் ஒலிக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாமா?

பதில்: காசைப் பிறகு செலவழிக்கலாம், முதலில் திருப்புளியை எடுங்கள். என்னிடம் வரும் மலிவுக் கிதார்களில் பாதிக்கு மேல் பிக்கப் தந்தியை முட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது. கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகளில் (ஃபிரெட்) கடைசியில் தந்தியை அழுத்திக்கொண்டு பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஃபெண்டர் சொல்லும் அளவு, தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. அங்கிருந்து கால் திருகு ஏற்றி, கால் திருகு இறக்கிக் கேளுங்கள். தகர ஒலி பாதி அங்கேயே போய்விடும்.

அப்படியும் போகவில்லை என்றால் பிக்கப்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் செங்கல் போல ஒரு கறுப்புக் காந்தப் பட்டை ஒட்டியிருந்தால் அது செராமிக். மேலே தெரியும் ஆறு தண்டுகளும் வெறும் எஃகு. காந்தப் புலத்தைத் தந்திக்குக் கடத்துவதுதான் அவற்றின் வேலை. பழைய டெலிகாஸ்டரில் அந்தத் தண்டுகளே காந்தங்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ அது. சுருளின் நடுவே காந்தம் நிற்பதற்கும் எஃகு நிற்பதற்கும் காதில் வித்தியாசம் தெரியும். இன்னொன்றையும் பாருங்கள்: பழைய பிரிட்ஜ் பிக்கப்பின் அடியில் செம்பு முலாம் பூசிய எஃகுத் தகடு இருக்கும். ஒலிக்குச் சதை கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. உங்களுடையதில் இவை இரண்டுமே இல்லையென்றால் மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி: பிக்கப் விளம்பரங்களில் 6 கிலோ ஓம், 8 கிலோ ஓம் என்று போடுகிறார்கள். எண் கூடினால் சத்தம் கூடுமா?

பதில்: அது கம்பியின் மின்தடை. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே எண் ஏறிவிடும், காந்தத்தின் பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரே வகைப் பிக்கப் இரண்டை ஒப்பிடும்போது மட்டும் ஓரளவு உதவும். கிரெட்ச் கிதார்களுக்காக ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரான் பிக்கப்பில் இந்த எண் 4 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு யாரும் பலவீனமான பிக்கப் என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, டேனலெக்ட்ரோவின் உதட்டுச்சாயக் குழல் பிக்கப் வெறும் அலங்காரமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, தம்பி. டேனலெக்ட்ரோ கிதார்களைச் செய்த நேதன் டேனியல் சிக்கனத்தின் சக்கரவர்த்தி. மரச்சட்டத்தின் மேல் ஹார்ட்போர்டு பலகையை ஒட்டி உடலைச் செய்தார். பட்டைக் காந்தத்தின் மேலேயே கம்பியைச் சுற்றி, நிஜமான உதட்டுச்சாயக் குழாய்க்குள் செருகினார். மலிவாகச் செய்யப் போய், வேறெதிலும் கிடைக்காத மணியோசை பிறந்துவிட்டது. சுவிட்சை நடுவில் வைத்துப் பாருங்கள், ஒலி திடீரென்று பருத்துவிடும். மற்ற பெரும்பாலான கிதார்களில் நடு நிலையில் இரண்டு பிக்கப்பும் பக்க இணைப்பில் சேரும். இதிலோ தொடர் இணைப்பு. ஆம்ப் (ஒலிபெருக்கி) கரகரப்பின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தால் அந்த ஒரு அசைவிலேயே கரகரக்கத் தொடங்கிவிடும்.

பழைய கிதாரின் ஏழ்மையே அதன் அழகாகிப்போன இடம் இது. அதனால்தான் மலிவான மறுவடிவங்களும் இங்கே மூலத்தை எளிதாக நெருங்கிவிடுகின்றன.

கேள்வி: தங்கத்தகடு பிக்கப் என்றாலே ஒரே மாதிரி ஒலிக்குமா?

பதில்: இல்லை. 'கோல்டு ஃபாயில்' என்பது மூடியின் பெயர். உள்ளே இருப்பதன் பெயர் அல்ல. டிஆர்மண்ட் செய்தது ஒரு விதம், ஜப்பானின் டெய்ஸ்கோ செய்தது வேறு விதம். இன்று விற்பவை சிலவற்றில் அந்தப் பளபளப்புக்கு அடியில் சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உட்கார்ந்திருக்கிறது. கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் வாசிக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. சிங்கிள் காயில் சுற்றிலும் உள்ள மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துக் கேட்கும். உங்கள் உடம்பு பிடித்துக்கொண்டு வரும் இரைச்சல், தந்தியைத் தொட்டதும் தரை இணைப்பில் இறங்கிவிடுகிறது. தொட்டால் இரைச்சல் *கூடினால்* மட்டும் கவலைப்படுங்கள். அப்போது பிரிட்ஜுக்குப் போகும் தரைக் கம்பி அறுந்திருக்கலாம். பிக்கப் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் முழுவதும் நீங்காது. அதை நீக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு சுருள்களை வைத்தார். 1957இல் ஹம்பக்கர் லெஸ் பால் கிதாருக்கு வந்தது.

கேள்வி: அப்படியானால் பி-90 பிக்கப் எதற்கு? ஹம்பக்கரே போதாதா?

பதில்: கேட்டுப் பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். 1946 முதல் கிப்சன் பயன்படுத்திய பி-90இல் ஒரே சுருள், அகலமாக, அடியில் இரண்டு பட்டைக் காந்தங்கள். வால்யூமை ஏழில் வைத்தால் தெளிவாகப் பேசும், பத்தில் வைத்தால் உறுமும். இரையும்தான், சகித்துக்கொள்ளலாம். ஹம்பக்கர் அளவுக் கூட்டுக்குள் அடைத்து விற்கும் பி-90 சற்று வேறு. சுருளைக் குறுக்கினால் குரலும் கொஞ்சம் குறுகும்.

கேள்வி: ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் வகைக் கிதாரில் தந்தி பிரிட்ஜிலிருந்து துள்ளுகிறது.

பதில்: கனமான தந்திகளை மனத்தில் வைத்துச் செய்த பிரிட்ஜ் அது. 9 எண் தடிமன் தந்திக்குப் பதிலாக 11 போடுங்கள். போதவில்லை என்றால் நெக் பொருந்தும் குழியில் மெல்லிய ஆப்பு வைத்து, பிரிட்ஜை உயர்த்துங்கள்.

கேள்வி: பிக்கப் மாற்றினேன். ஹம்பக்கர் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது. காசு வீணா?

பதில்: கிதாரில் முன்பு சிங்கிள் காயில் இருந்ததா? அப்படியானால் வால்யூம் குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர் (மாற்றக்கூடிய மின்தடை) 250 கிலோ ஓமாக இருக்கும். ஹம்பக்கருக்கு 500 வேண்டும். குறைந்த மதிப்பு மேல் ஸ்வரங்களை விழுங்கிவிடுகிறது. பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.