டேம் கட்டும் மகனுக்கு ஒரு சித்தாள் தேவை

கேள்வி:

வணக்கம். எனக்கு ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். பஸ் நேரத்தையும் சேர்த்தால், பாதி நாட்கள் மகன் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. அவனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. வீட்டில் கிடக்கும் பழைய போனில், 'பிளாக்' எனும் கட்டிகளை அடுக்கி எதையும் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். அதில் கே.ஆர்.பி. டேம் (கிருஷ்ணகிரி அணை) கட்டுகிறானாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சேரலாம் என்று போனை வாங்கினேன். சுவர் கோணலாக இருந்தது, சரிசெய்யப் போய் பாதியை உடைத்துவிட்டேன். "போப்பா, நீ ஒடச்சிடுவ, நீ வேணாம்" என்று அழுதபடி எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து நான் பக்கத்தில் போனாலே போனைத் திருப்பி வைத்துக்கொள்கிறான். மனைவி, "கேமை அழிச்சிடுங்க, படிப்பும் கெடுது, புத்தியும் மழுங்குது" என்கிறார். போனை வாங்கும்போது தினமும் ரகளை. இதை வைத்து அவனோடு நெருங்க முடியுமா? அல்லது மனைவி சொல்வதுதான் சரியா?

— ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அழிக்க வேண்டாம். உங்கள் மகன் கட்டுவது உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அணையை. கண்ணால் பார்த்ததை மனதில் வைத்து இன்னோரிடத்தில் எழுப்புகிறான். கற்பனைக்கு இதைவிட நல்ல அடையாளம் தேடத் தேவையில்லை. ஞாயிறன்று தவறிப்போனது ஒன்றுதான். அங்கே அவன் மேஸ்திரி. நீங்கள் போனதும் இன்னொரு மேஸ்திரியாகப் போனீர்கள். சித்தாளாகப் போயிருந்தால் வேலை கொடுத்திருப்பான்.

முதலில் அந்த உடைந்த சுவர். கட்டுவதற்கு எல்லாம் கணக்கின்றிக் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் விரல் சற்று அழுந்தி நின்றாலே பிளாக் உடைந்துவிடும், பழகாத கைக்கு இது சகஜம். ஆனால் அவனுக்கு அது பல நாள் உழைப்பு. "உன்னைக் கேட்காமல் கை வைத்தது என் தப்பு" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். பிறகு அவன் எதிரிலேயே, உலகங்களின் பட்டியலில் அந்த உலகத்துக்கு எதிரே உள்ள பென்சில் குறியைத் தொட்டு, அமைப்புகளின் கடைசியில் இருக்கும் 'காப்பி வேர்ல்ட்' மூலம் ஒரு நகல் எடுங்கள். இனி நீங்கள் எதை உடைத்தாலும் பழைய டேம் பத்திரம். அவன் வைத்த பிளாக்கை அவன் சொல்லாமல் எடுப்பதில்லை என்பது நிரந்தர விதியாக இருக்கட்டும். கோணலாக இருந்தாலும்தான்.

முதல் இரண்டு வாரம் போன் அவன் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பதைச் சொன்னால் போதும்: "தண்ணி இந்தப் பக்கம் வருது", "இங்க படிக்கட்டு வச்சிருக்க". பெற்றோர் பலர் இங்கே வாத்தியாராகிவிடுகிறார்கள். "மொத்தம் எத்தனை பிளாக்? பெருக்கிச் சொல்லு" என்றால் அது பரீட்சை, பையன் வாயை மூடிக்கொள்வான். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள். "மதகைத் திறந்தா இந்த வீட்டுக்காரங்க எங்க போவாங்க?" "இந்த ஊருக்குப் பேர் வச்சாச்சா?" கேட்டபின் பத்து விநாடியாவது சும்மா இருங்கள். அந்த இடைவெளியில்தான் அவன் கதை கட்டுவான், அவசரப்பட்டு நாம் நிரப்பிவிடுகிறோம்.

அணையே கையில் இருப்பதால் ஒரு வழி சொல்கிறேன். கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அந்த விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். 52 அடி கிட்டத்தட்ட 15.8 மீட்டர், ஆக 16 பிளாக். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஞாயிறு அவனை அணைக்கு அழைத்துப் போங்கள், கணக்குப் பாடத்துக்கான கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். போன் வீட்டிலேயே இருக்கட்டும். மதகுகளை அவனே எண்ணி, ஒரு கட்டத்துக்கு ஒரு பிளாக் என்று வரையட்டும். (மீன் வறுவலை வரைந்து முடித்தபின் வாங்கிக் கொடுங்கள், இல்லையேல் நோட்டில் எண்ணெய்தான் இருக்கும்.) திரும்பி வந்து கட்டும்போது தண்ணீரில் மாட்டிக்கொள்வான். சமதளத்தில் ஒரு வாளித் தண்ணீர் 7 பிளாக் தூரம்தான் ஓடும், அணை நிரம்பாது. இரண்டுக்கு இரண்டு குழியில் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு வாளி ஊற்றினால் நான்கு கட்டமும் வற்றாத ஊற்றாகிவிடும் என்பது விடை. அவனாகக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனால் ஆகட்டும். கண்டுபிடித்ததை உங்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்காகத்தான் இவ்வளவும்.

இறந்த வீரர்களின் நினைவாக நட்டு, உங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகற்கள் உண்டல்லவா? அணைக்கரை ஊரில் அப்படி ஒரு கல் நட வேண்டுமென்றால் யாருக்காக நடுவான் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி இருந்தால் அவரையும் கூட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஷிப்ட் பிரச்சினைக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும். நைட் ஷிப்ட் வாரத்தில், "அப்பா, இடது கரையில் ரெண்டு வரிசை கல் அடுக்கு" என்று அவன் எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். தூங்கி எழுந்தபின் பத்து நிமிடத்தில் சொன்னதை மட்டும் செய்துவையுங்கள். அழகாயிருக்கும் என்று மூன்றாவது வரிசை வைத்துவிடாதீர்கள், அங்கேதான் சித்தாள் மறுபடி மேஸ்திரியாவார். மாலையில் வந்ததும் வேலை சரியா என்று சோதிப்பான், திட்டவும் செய்வான். வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் கூட விளையாடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். வாரம் இரண்டு முறை, தவறாமல் என்றால் போதும்.

பின்னால் இரண்டு போனில் சேர்ந்து ஆடலாம். இரண்டும் ஒரே வைஃபையில் அல்லது ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இருக்க வேண்டும், விளையாட்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேராது. இலவசமாகக் கிடைக்கிறதென்று யாரோ மாற்றியமைத்து அனுப்பும் 'மோட்' கோப்பைப் போட்டாலும் பதிப்பு மாறிப்போகலாம், வைரஸும் அதோடு வரலாம். முன்பின் தெரியாதவர்கள் பேசக்கூடிய பொது சர்வர்கள் இந்த வயதுக்கு வேண்டாம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை பணம் செலுத்தவும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

இனி அந்த ரகளை. இதற்கு விளையாட்டிலேயே கடிகாரம் இருக்கிறது. அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தது 20 நிமிடம். "இரண்டு நாள்" என்று பேசிக்கொண்டால் 40 நிமிடம். இரண்டாவது சூரியன் உதிக்கும்போது போன் உங்களிடம் வர வேண்டும். நடுவில் பிடுங்கும்போது வரும் கோபம் இதில் பெரிதும் குறையும், ஏனென்றால் முடிவு அவன் உலகத்துக்குள்ளேயே வருகிறது. இரண்டு இடத்தில் கணக்குத் தப்பும்: 'ஆல்வேஸ் டே' என்ற அமைப்பு போட்டிருந்தால் பொழுதே சாயாது, படுக்கை வைத்துப் படுத்தால் இரவு சட்டென்று கழிந்துவிடும். இரண்டையும் முன்பே பேசிவிடுங்கள். கட்டியது தானாகவே சேமிக்கப்படும், நிறுத்தினால் எதுவும் போகாது என்பதையும் அவனுக்குக் காட்டுங்கள். படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேண்டாம்.

உங்கள் மனைவியின் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். பிறர் விளையாடும் வீடியோவை மணிக்கணக்கில் பார்ப்பது வேறு, தானே கட்டுவது வேறு. முதலாவதைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரி, அந்த நேரத்தைத் தனியாகக் குறைக்க வேண்டும். போனை வைத்த அரைமணி நேரத்தில் மகன் என்ன செய்கிறான் என்று இருவருமாக ஒரு வாரம் கவனியுங்கள். வரைகிறான், மணலில் கால்வாய் வெட்டுகிறான், சோறு சாப்பிடும்போது டேம் கதை பேசுகிறான் என்றால் விளையாட்டு வெளியே வழிகிறது, நல்லது. அடுத்த முறை எப்போது என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லையென்றால் நாட்களைக் குறையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'விளையாட்டுக் கோளாறு' இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாவது, கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ தொடர்ந்து கெட்டால் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணில், அரசின் இலவச மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.

வரும் ஞாயிறு நகல் எடுத்த கையோடு, "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று அவனைக் கேளுங்கள். "ஒண்ணும் இல்ல" என்றால் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி கேளுங்கள்.