கேள்வி பதில்: மஜ்ஜை மாற்றிய பிறகும் பழைய செல்கள் மிஞ்சுமா?

கேள்வி: மேடம், அக்காவுக்கு நான்தான் எலும்பு மஜ்ஜை கொடுத்தேன். ரத்தம் முழுக்க என்னுடையதாகிவிட்டது என்கிறார்கள். அவளுடைய பழைய செல் எதுவுமே மிஞ்சாதா?

பதில்: மிஞ்சும், தம்பி. ரத்தத்தில் 100 சதவீதம் உங்களுடையது என்று ரிப்போர்ட் வந்தாலும், தோலுக்குள் குடியிருக்கும் அவருடைய டி செல்களில் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) சில நெடுநாள் தங்கிவிடும்.

கேள்வி: நான் நர்ஸிங் மாணவி. ஒழுங்குபடுத்தும் டி செல் என்கிறார்களே, அது என்ன?

பதில்: மற்ற டி செல்கள் நம் உடம்பையே தாக்காமல் அடக்கி வைப்பது. ஷிமோன் சாகாகுச்சி 1995ல் இதை அடையாளம் காட்டினார். இதற்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001ல் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025ல் நோபல்.

கேள்வி: மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் கதிர்வீச்சுக்குப் பிறகும் இவை பிழைக்குமா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த எலிச் சோதனை ஒன்று இருக்கிறது. ஃபாக்ஸ்பி3 பழுதான எலியின் மஜ்ஜையிலிருந்து ஒழுங்குபடுத்தும் செல் ஒன்றுகூட உருவாகாது. அந்த மஜ்ஜையை, கதிர்வீச்சு கொடுத்த ஆரோக்கியமான எலிகளுக்குள் செலுத்தினார்கள். புது டி செல்கள் உடம்பைக் கடித்துக் குதறியிருக்க வேண்டும், இல்லையா? ஒன்றும் ஆகவில்லை. கதிர்வீச்சில் சாகாத பழைய ஒழுங்குபடுத்தும் செல்கள், இருந்தவை கொஞ்சமே ஆனாலும், பெருகிப் பெருகிக் காலியான இடத்தை நிரப்பிவிட்டன! 2007ல் ஜப்பான் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது. மற்ற டி செல்களைவிட இவை கதிர்வீச்சைத் தாங்குகின்றன. மனிதரிலும் இதே அளவுக்கு நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் நல்லதுதானே?

பதில்: பெரும்பாலும். கொடையாளரின் செல்கள் நோயாளியைத் தாக்கும் ஜிவிஹெச்டியை இவை தணிக்கும். ஆனால் ரத்தப் புற்றுநோயில் மிச்சமிருக்கும் கெட்ட செல்களைக் கொல்வதும் அதே தாக்குதல்தான். அளவுக்கு மீறி அடக்கினால் நோய் திரும்பலாம்.

ஜிவிஹெச்டியைத் தடுக்க, மாற்று முடிந்த 3, 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றிடம் அந்த மருந்தைச் சிதைக்கும் என்சைம் இருப்பதால் தப்பிவிடுகின்றன; வெறியோடு பெருகும் மற்ற டி செல்கள் அடிவாங்குகின்றன. பாதிப் பொருத்தமுள்ள அப்பா, அம்மாகூட இன்று கொடையாளராக முடிவதற்கு இந்த மருந்து முக்கியக் காரணம்.

கேள்வி: இவற்றைக் கூட்ட மருந்து உண்டா? எதிர்ப்பு சக்தி கஷாயம் கொடுக்கலாமா?

பதில்: டி செல்களை வளர்க்கும் புரதமான இன்டர்லூகின்-2 ஊசியைக் குறைந்த அளவில் பாஸ்டனில் நாள்பட்ட ஜிவிஹெச்டிக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2011ல் வந்த முடிவில், மதிப்பிட முடிந்த 23 பேரில் 12 பேருக்கு நல்ல பலன். கஷாயமா? வேண்டவே வேண்டாம். எந்தச் செல்லைத் தூண்டிவிடும், எந்த மாத்திரையோடு மோதும் என்று யாருக்குத் தெரியும்? மாற்று செய்த டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் போடக் கூடாது.