வகுப்புத் திட்டத்தில் மூன்று வழிகள் இருக்கட்டும்

கேள்வி: ஆசிரியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்லைடு, வீடியோ, வினாடி வினா எல்லாம் தயார் செய்துகொண்டுதான் போகிறேன். ஆனால் இணையம் வேலை செய்யாவிட்டாலோ, பிள்ளைகளுக்கு ஓர் இடம் புரியாமல் போனாலோ மொத்தத் திட்டமும் குலைந்துவிடுகிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: ஒரே பீரியடுக்கு நீங்கள் தயார் செய்வது அதிகம் என்று நினைக்கிறேன். இத்தனையும் வரிசையாக நடக்க வேண்டுமென்றால், ஒன்று தட்டிப்போனாலே எல்லாம் நின்றுவிடும். ஸ்லைடை ஒதுக்கிவிட்டு, வகுப்பு முடியும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து, அது புரிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி. கருவிகள் அதற்குப் பிறகு.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது அதிகப் பிரகாசமாக எரியும்? முதல் பல்புதான் என்று பலர் சொல்வார்கள். மின்னோட்டம் அங்கே கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்பது அவர்களின் கணக்கு. உண்மையில் இரண்டும் ஒரே அளவில்தான் எரியும் என்றாலும், மாணவர்களிடம் பரவலாக இருக்கும் இந்தப் பிழை வாய்விளக்கத்துக்கு எளிதில் அசையாது. தொழில்நுட்பத்துக்கு வேலை இங்கேதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் உள்ள மின்சுற்றுக் கணினி மாதிரியில், எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதைக் காட்டலாம். காட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். ஊகித்தவருக்குத்தான் பார்த்தது உறைக்கும்.

இனி நெகிழ்வு. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. எல்லோரிடமும் விடை வாங்குங்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு விதமாகத் திரும்ப நடத்த வேண்டும். 30க்கும் 70க்கும் இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு, மறுபடி கேளுங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இந்த மூன்று வழிக்கும் இரண்டிரண்டு வரி முதல்நாளே எழுதிவையுங்கள். முதலாவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். புதிய ஆசிரியர்கள் திணறும் இடம் அது. வேறு விளக்கம் கையில் இல்லாமல், சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டிவரும்.

விடை வாங்க ஆளுக்கொரு கருவி தேவையில்லை. பிளிக்கர்ஸ் செயலியில் மாணவர்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும், உங்கள் ஃபோன் கேமரா படித்துக்கொள்ளும். அதுவும் இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு விரலால் காட்டச் சொல்லுங்கள்.

ஃபெட் மாதிரியை முன்பே இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். புரொஜெக்டரும் கைவிட்டால் பேட்டரி, ஒயர், இரண்டு பல்பு. அவற்றை முன்னதாக நீங்களே எரித்துப் பாருங்கள். பல்புகள் ஒரே ரகமாக இல்லாவிட்டால் ஒன்று மங்கலாக எரிந்து, பிள்ளைகளின் தவறான எண்ணத்துக்கே சாட்சியாகிவிடும்.

அப்புறம், நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதையும் திட்டத்திலேயே குறித்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் நான் முதலில் விடுவது வீடியோவை.