கதவுக்குள் இறங்கிப்போன கண்ணாடி
வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சிறிய காருக்கு ஒன்பது வயதாகிறது. சென்ற வாரம் ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சை அழுத்தியபோது கதவுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே இறங்கிவிட்டது. பிறகு மேலே வரவில்லை. பணிமனையில் மோட்டாரோடு சேர்த்து முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஸ்பேனர் பிடித்த பழக்கம் உண்டு. கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டிரிம் பலகையை நானே கழற்றி இதைச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும். முதல் முறை என்பதால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட கடகடச் சத்தம் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மோட்டார் சுழல்வதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. ஆகவே ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றின் மீது சந்தேகம் வேண்டாம். சத்தமே இல்லாமல் கண்ணாடி அசையாதிருந்தால், டிரிம்மில் கை வைப்பதற்கு முன்பு ஃபியூஸையும், கதவுக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர்களையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வதால் அவை உள்ளுக்குள்ளேயே அறுந்துபோவதுண்டு. உங்கள் காரில் பழுது ரெகுலேட்டரில் இருக்கிறது. பல கடைகளில் இதைக் கிளாஸ் மெஷின் என்பார்கள். மோட்டார் ஒரு சிறிய உருளையைச் சுழற்ற, அதில் சுற்றியுள்ள மெல்லிய எஃகுக் கேபிள், கண்ணாடியின் அடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டை ஒரு தண்டவாளத்தில் மேலும் கீழும் இழுக்கிறது. வெயிலில் நின்று நின்று அந்தப் பிளாஸ்டிக் உடைவதும், கேபிள் பிரிபிரியாகி உருளையில் சிக்குவதும் வழக்கமான பழுதுகள்தாம். மோட்டார் நன்றாக இருந்து, ரெகுலேட்டர் தனியாகக் கிடைக்குமானால் செலவு குறையும். பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள். இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும் உரியவை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக அமைந்தவை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் ஏர்பேக் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து ஸ்குரூக்களைத் தேடுங்கள். உள்கைப்பிடியின் குழிக்குள் சிறு மூடிக்குப் பின்னால் ஒன்று, இழுத்து மூடும் பிடியின் அடியில் ஒன்றிரண்டு, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிக்கு நேர் உள்ளே இருக்கும் முக்கோண மூடிக்கு அருகில் ஒன்று என்று அவை பெரும்பாலும் மறைந்தே இருக்கும். இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் டிரிம் அசையாமல் நின்றால், அங்கே இன்னும் ஒரு ஸ்குரூ இருக்கிறது என்று பொருள், வலுவைக் கூட்டாதீர்கள்.

ஸ்குரூக்கள் வந்த பிறகு டிரிம்மைப் பிடித்திருப்பவை ஓரமெங்கும் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள் மட்டுமே. கீழ்மூலையில் தொடங்கி, தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் செருகி ஒவ்வொன்றாக நெம்புங்கள். இரும்பு ஸ்குரூடிரைவரைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் முனையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். எல்லாம் விட்டதும் டிரிம்மை உங்களை நோக்கி இழுக்காமல் நேர் மேலே தூக்குங்கள். அதன் மேல்விளிம்பு கண்ணாடி இடுக்கில் மாட்டியிருக்கிறது. தூக்கிய உடனே எடுத்துச் சென்றுவிடவும் கூடாது. சுவிட்சின் கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி), பல கார்களில் உள்கைப்பிடியின் கேபிளும் இன்னும் டிரிம்மோடு இணைந்திருக்கும். டிரிம்மை முழங்காலில் தாங்கிக்கொண்டு, கப்ளரின் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் கப்ளருக்கு முன்பு ஒயர்தான் வரும்.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பாலிதீன் ஷீட் தெரியும். அதைக் கிழிக்காமல், பசையைக் கத்தியால் சிறிது சிறிதாக அறுத்துப் பாதியளவு விலக்கினால் போதும். தகட்டின் உள்விளிம்புகள் பிளேடு போல் இருக்கும் என்பதால் கையுறை இல்லாமல் கையை நுழைக்க வேண்டாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியைக் கையால் மேலே ஏற்றி, அகலமான துணி டேப்பைக் கதவுச் சட்டத்தின் மேல் சுற்றி இருபுறமும் ஒட்டி நிறுத்துங்கள். வேலையை நிழலில் செய்யுங்கள். உச்சி வெயிலில் டேப்பின் பசை இளகி, கண்ணாடி உங்கள் கை மீதே இறங்கலாம். பல சிறிய கார்களில் ரெகுலேட்டரை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட முடியும். கேபிளுக்குப் பதிலாகக் கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள் இருந்தால், அவற்றை அசையாதபடி கட்டாமல் மோட்டாரைக் கழற்றவே கூடாது. அவற்றோடு இணைந்த சுருள்வில் ஒரே விசையில் விடுபட்டு விரலை நசுக்கிவிடும்.

புதியதைப் பொருத்தும்போது கண்ணாடி போல்ட்டுகளை உடனே இறுக்கிவிடாமல் லேசாகப் பிடிக்கவிட்டு, கப்ளர்கள் அனைத்தையும் மாட்டி, பிறகு பேட்டரியை இணைத்து, கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றுங்கள். அது ரப்பர் சேனலுக்குள் தன் இடத்தைப் பிடித்த பிறகு இறுக்கினால், நாளைக்குச் சாய்ந்து சிக்காது. இனி, டிரிம்மை மாட்டும் அவசரத்தில் பலரும் தவறவிடும் ஒரு சோதனை இருக்கிறது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஓரத்தில் உள்ள பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, உள்கைப்பிடியையும் வெளிக்கைப்பிடியையும் தனித்தனியே இழுத்து, இரண்டு முறையும் அது விடுபடுகிறதா என்று பாருங்கள். உள்கைப்பிடியின் கேபிளை மாட்ட மறந்து கதவைச் சாத்திவிட்டால், அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க வழியிருக்காது. பேட்டரியைக் கழற்றியதால் ஒரே அழுத்தில் கண்ணாடி ஏறும் வசதி நின்றுபோயிருந்தால், கண்ணாடி முழுவதும் ஏறிய பின்னும் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருங்கள். பெரும்பாலான கார்களில் அது மீண்டும் வந்துவிடும்.

கேள்வி: பின்கதவின் பூட்டு மோட்டாரை மாற்றிய பிறகு, மழை பெய்தால் அந்தப் பக்கத்துக் கால்மிதி நனைகிறது. கண்ணாடி ரப்பரை மாற்றியும் பயனில்லை.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ரப்பருக்குச் செலவு செய்திருக்கத் தேவையில்லை. மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பானது. கீழ்விளிம்பில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேறுமாறுதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நீர் காரின் உள்ளே வராமல் தடுப்பது முதல் பதிலில் சொன்ன பாலிதீன் ஷீட். பூட்டை மாற்றியவர் அதைக் கிழித்திருப்பார், அல்லது ஒட்டாமல் விட்டிருப்பார். டிரிம்மைக் கழற்றி, கிழிசல் இருந்தால் தடித்த பாலிதீனில் அதே அளவுக்கு வெட்டி, கார் உதிரிபாகக் கடைகளில் சுருளாகக் கிடைக்கும் பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ்விளிம்பைக் கதவுக்குள் செருகும் இடம் இருந்தால், செருகியே ஒட்ட வேண்டும். வடிதுளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

கேள்வி: கழற்றும்போது நான்கு கிளிப்புகள் உடைந்துவிட்டன. டிரிம்மைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது டிரிம்மே உடையும். உடையாத கிளிப் ஒன்றை மாதிரிக்கு எடுத்துச் சென்று, தேவைக்கு மேல் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவுத் தகட்டிலேயே தங்கிவிட்ட கிளிப்புகளைக் குறடால் எடுத்து டிரிம்மில் மாட்டிய பிறகே பொருத்த வேண்டும். இல்லையென்றால் அவையும் உடைந்து, மறுபடியும் கடைக்குப் போக நேரிடும்.